வீட்டை விற்குமுன் விளக்குமாற்றை எடுங்கள்!

கடலூரில் நடந்த கிரயங்களிலேயே விசித்திரமானது 1690ஆம் வருஷத்தில் நடந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சேர்ந்த நிலம் எவ்வளவு என்று அளக்கச் சங்கிலி பிடிக்கவில்லை, பீரங்கியால் சுட்டார்கள்! குண்டு போய் விழுந்த தூரம் வரை வாங்கியவருக்குச் சொந்தம் என்று ஏற்பாடு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வழங்கிற்று.

இன்று வீடு வாங்க வருகிறவர் பீரங்கி கொண்டு வருவதில்லை. மனைவியையும் மாமியாரையும் அழைத்து வருகிறார். அந்த இரண்டு பேருடைய பார்வைக்கு முன்னால் பீரங்கி எம்மாத்திரம்? கூடத்து ஊஞ்சலை அவர்கள் கவனிக்க மாட்டார்கள். நேரே சமையலறை மூலைக்குப் போவார்கள், கொல்லைக் கதவின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பார்கள், “இது என்ன, சுவரெல்லாம் மாவு மாவாக உதிர்கிறதே?” என்று கேட்பார்கள். அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

ஆகையால், சகோதரிகளே, வீட்டை விற்பது என்று முடிவு செய்துவிட்டால், தரகரைக் கூப்பிடுவதற்கு முன்னால் விளக்குமாற்றை எடுங்கள்.

ஜெய்சல்மேரில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பெரிய விரோதி ஒன்றுதான்: மணல் தூசி. அதைத் தட்டி, பெருக்கி, ஈரத் துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. நம் கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கத்து வீடுகளின் சமாசாரம் வேறு. இங்கே விரோதிகள் இரண்டு பேர்: உப்பும் ஈரமும். சிதம்பரம் கடலை விட்டுச் சற்றுத் தள்ளி இருந்தாலும், ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் அங்கேயும் சுவரை விட்டு லேசில் போவதில்லை. எனவே மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். போகிக்குப் பரண் காலியாகும் சமயம், வெயிலும் கைகொடுக்கும்.

வேலை மேலிருந்து கீழே வரவேண்டும். முதலில் மொட்டை மாடி. தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடைந்திருக்கும் சருகை வாருங்கள். தளத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரோடு காரையும் பெயர்ந்து வரும். கொத்தனாரை விட்டு வேரைப் பக்குவமாக எடுத்து, வெடிப்பை அடைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒட்டடை, பிறகு சுவர், கடைசியில்தான் தரை. முறையை மாற்றினால் ஒரே தரையை மூன்று தடவை கழுவ நேரும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதைக் கண்டதும் வாளித் தண்ணீரோடு போகாதீர்கள். அது அழுக்கு அல்ல, உப்பு. சுவருக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. காற்றுப் பட்டு ஈரம் காய, உப்பு மட்டும் தங்கி இறுகுகிறது. இறுகும்போது பூச்சையும் நெம்பித் தள்ளுகிறது. நீங்கள் தண்ணீர் ஊற்றினால் அதே உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்! மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த தேங்காய் நார்ப் பிரஷால் தேய்த்து, உதிர்ந்த பொடியை முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். சில நாள் கழித்து மறுபடி பூக்கும், மறுபடி தேயுங்கள்.

அதைவிட முக்கியம், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. குழாய் கசிகிறதா, கொல்லையில் மண் சுவரை ஒட்டி மேடாகிவிட்டதா? காரணத்தை நீக்கிச் சுவரைக் காயவிட்டு, பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே அடியுங்கள். சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியேறும். பளபளக்கும் பெயிண்ட் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். சீக்கிரமே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

காவித் தரை இருந்தால் ஆசிட் பக்கமே போகாதீர்கள், நிறம் செத்துவிடும். காரமில்லாத சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பின் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பாட்டி காலத்துப் பளபளப்பு திரும்பும். வழுக்காமல் இருக்க, மிஞ்சிய எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஜன்னல் கம்பித் துருவைக் கம்பிப் பிரஷால் சுரண்டிவிட்டு, துருத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பூசி, அதன்மேல் பெயிண்ட் அடிக்கவேண்டும். கதவு நிலைகளை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று உள்ளே காலியான சத்தம் கேட்டால் கரையான் குடியிருக்கிறது. சமையலறைப் புகைப் பிசுக்குக்கு வெந்நீரும் சலவைச் சோடாவும் போதும். கழிவறையில் ஓர் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கிளம்பும் வாயு உயிருக்கே ஆபத்து. கிணறு தூர் வார வேண்டுமானால் அதற்கென்று உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள்; கெட்ட காற்று உண்டா என்று பார்க்காமல் யாரையும் இறங்க விடாதீர்கள்.

இதெல்லாம் கைவேலை. மனசைப் பிடித்து உலுக்கும் வேலை ஒன்றும் உண்டு.

என் சிநேகிதி ஒருத்தி சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் குடியிருக்கிறாள். கடலூரில், கெடிலத்துக்குப் பக்கத்தில், அவள் அம்மாவின் வீடு இருந்தது. அம்மா காலமான பிறகு அதை விற்றுத் தம்பிக்குப் பங்கு கொடுத்து, மீதியில் பெண்ணின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ச் சுத்தம் செய்தாள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியபோது பறந்த ஓடுகளை அம்மா அப்போதே மாற்றியிருந்தாள். ஆனால் பின்கட்டு அறையில் பீரோவை நகர்த்தியபோது, சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. 2015ஆம் வருஷ வெள்ளம் நின்ற அடையாளம்.

“எனாமல் ஒரு கோட்டு அடிச்சா ஆறு மாசத்துக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அதுக்குள்ள ரிஜிஸ்தர் முடிஞ்சுடும்” என்றார் கொத்தனார்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கோட்டைக் காட்டினால் விலை குறையும். அவளுக்கோ ஒவ்வொரு ரூபாயும் வேண்டும். மறைத்தால்? அடுத்த வெள்ளத்தில் அந்த அறையில் பாய் விரித்துப் படுத்திருப்பது யாரோ ஒருத்தியின் குழந்தையாக இருக்கும்.

அறையைச் சுத்தம் செய்தாள்; கோட்டை அப்படியே விட்டாள். வாங்க வந்த பெண்ணை அழைத்துப் போய்க் காட்டினாள்.

“தண்ணி எத்தனை நாள் நின்னுதுக்கா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“மூணு நாள். தெருப்பக்கத்து அறைகளுக்கு வரல்லே” என்றாள் இவள்.

அவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்டார்கள். இவளும் மனசு கசந்துதான் குறைத்தாள். ஆனால் பேரம் முறியவில்லை. குடி வந்தவர்கள் பின்கட்டுத் தரையை உயர்த்தி, மின்சார சுவிட்சுகளைச் சுவரில் மேலே ஏற்றிவிட்டுத்தான் பால் காய்ச்சினார்கள்.

இது வெறும் தர்ம நியாயம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55வது பிரிவைப் பாருங்கள். வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை இதுதான் விதி. சொத்தின் உரிமையில் உள்ள குறைக்கும் இதே நியாயம்தான்.

ஆகவே பரணைக் காலி செய்யும்போது டிரங்குப் பெட்டிக் காகிதங்களைக் குப்பையோடு தள்ளிவிடாதீர்கள். மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் தூசி தட்டி ஒரே உறையில் வையுங்கள். வில்லங்கச் சான்று ஒன்றும் எடுத்து வையுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்க வழி இருக்கிறது.

அழுக்கைப் போக்குவது வேறு, குறையை மறைப்பது வேறு. அழுக்கு போனால் வீட்டின் நல்லதும் கெட்டதும் தெளிவாகத் தெரியும். அப்படித் தெரிகிற வீட்டுக்குக் கிடைக்கிற விலைதான் நியாயமான விலை. வாங்கிய பிறகு எவரும் உங்களைச் சபிக்காத விலை.

சிநேகிதி சாவியைக் கொடுத்த அன்று, சமையலறை அலமாரியில் ஒரு காகிதம் எழுதி வைத்துவிட்டு வந்தாளாம். மழைக்காலத்தில் எந்தக் கதவு இறுகும், சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு இறங்கும், முருங்கையை எந்த மாசம் வெட்டவேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. பிறகு வாசலைத் தெளித்து, ஒரு கோலம் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.