வலிப்பு நின்றது, வாட்டம் நிற்கவில்லை

"வலிப்பு வந்து எத்தனை மாதம் ஆகிறது?" என்று மருத்துவர் கேட்கிறார். "ஒரு வருஷம் ஆச்சு டாக்டர், அல்ஹம்துலில்லாஹ்!" என்று உம்மா மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறார். பழைய மாத்திரைகளையே மருத்துவர் மீண்டும் எழுதித் தருகிறார். அருகில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மகள் எதுவும் பேசுவதில்லை. படித்த பாடம் மனத்தில் நிற்பதில்லை, பகலெல்லாம் உறக்கம் கண்ணைச் சுற்றுகிறது, ஈறு தடித்துவிட்டது, முகத்தில் ரோமம் படர்கிறது. இவற்றை அவள் எவரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அவளுக்குக் கிடைத்திருக்கும் பெயர் 'சோம்பேறி'.

வலிப்பு மருந்துகளால் விளைந்த நன்மை மிகப் பெரிது. முறையாக மருந்து உட்கொள்வோரில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். ஆயினும், மூளையின் கொந்தளிப்பை அடக்கும் மருந்து அதன் ஏனைய பணிகளையும் சற்றுத் தொட்டுவிடுகிறது. கார்டினால் என்ற பெயரில் பலரும் அறிந்த பினோபார்பிட்டால் உண்மையில் ஒரு தூக்க மருந்து. அது வலிப்பையும் தடுக்கிறது என்பதை 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் கண்டறிந்தார். அதை உண்பவர் மந்தமாக இருப்பதில் வியப்பென்ன? 1938 முதல் வழங்கிவரும் ஃபெனிட்டாயின் ஈறைத் தடிக்கச் செய்யும். வால்புரோயேட்டால் உடல் பருக்கலாம், முடி உதிரலாம். டோபிராமேட் உண்ணும் சிலருக்கு வாயில் வரவேண்டிய சொல் வராமல் தடுமாறும். லெவெட்டிராசிட்டாம் சிலரைச் சிடுசிடுப்பானவர்களாக ஆக்கிவிடுகிறது. 'பிள்ளையின் குணமே மாறிவிட்டது' என்று வீட்டார் வருந்துவர். குணம் மாறவில்லை, மருந்தின் வேலை அது.

மனச்சோர்வையும் இலேசாக எண்ணிவிடக் கூடாது. தற்கொலை எண்ணம் ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒருவருக்குக் கூடுதலாக எழலாம் என 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. இது அரிதே. எனினும் பிள்ளை திடீரென ஒதுங்கிப் பேச்சைக் குறைத்தால், அதை அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இத்துன்பங்களைச் சொன்னால் பயன் உண்டா? உண்டு. மருந்தின் தொல்லைகளைப் பற்றிய 19 வினாக்கள் கொண்ட தாள் ஒன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் உருவாக்கப்பட்டது. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொல்லை மிகுந்த நோயாளிகள் அத்தாளை நிரப்பினர். ஒரு பிரிவினரின் தாள்கள் மருத்துவரிடம் காட்டப்பட்டன. மறு பிரிவினருடையவை காட்டப்படவில்லை. சில மாதங்களில் முதற் பிரிவினரின் தொல்லைகள் வெகுவாகக் குறைந்தன. மருத்துவருக்குத் தெரிந்தவுடன் அவர் மருந்தின் அளவைக் குறைத்தார் அல்லது மருந்தையே மாற்றினார்; அவ்வளவுதான்.

சொல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? மாத்திரையை மறைவாக எறிந்துவிடுகிறார்கள். இது பேராபத்து. திடீரென நிறுத்தினால், இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே கேடாகலாம். மருந்தைக் குறைப்பதாயினும் மாற்றுவதாயினும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே செய்ய வேண்டும்.

பெண் மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். கருவுற்ற காலத்தில் வால்புரோயேட் உண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில், நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் உடற்குறையோடு பிறக்கின்றனர். நூற்றுக்கு முப்பது நாற்பது பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறை காணப்படுகிறது. பாதுகாப்பான மாற்று மருந்துகள் உண்டு. நிக்காஹ் பேசும்போது நோயை மறைக்கும் நம் வழக்கத்தால், மாற்ற வேண்டிய வேளையில் மருந்து மாற்றப்படாமலே போகிறது. மணமான பின் மாமியாருக்கு அஞ்சி மாத்திரையை ஒளித்து உண்ணும் பெண், மருத்துவரிடம் எப்படிப் போவாள்?

ரமளான் மாதத்தில் இவர்களுக்கு இரட்டைச் சோதனை. பகல் நேர மாத்திரை தவறுகிறது. ஸஹருக்கு எழுவதால் உறக்கம் கெடுகிறது. இவ்விரண்டுமே வலிப்பைத் தூண்டுபவை. சில மருந்துகளை இரவில் ஒரு வேளை மட்டும் உண்டால் போதும். சிலவற்றை நோன்பு திறக்கும்போதும் ஸஹரிலும் உண்ணும்படி மாற்றிக்கொள்ளலாம். எல்லாருக்கும் இது பொருந்தாது. நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையும் இருக்கிறது. எது தகும் என்பதை ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டறிந்து, பின்னர் ஆலிமிடமும் கலந்துகொள்வது நல்லது. போகும்போது மகளையே பேச விடுங்கள். உம்மா சற்று நேரம் வெளியே அமர்ந்திருந்தாலும் குற்றமில்லை.