ஷ்யூர் கேம்பிள் (சீட்டு)

ஷ்யூர் கேம்பிள் என்பது ஆண்ட்ராய்டு: நெட்ரன்னர் என்னும் அறிவியல் புனைவுச் சீட்டாட்டத்தில் இடம்பெறும் ஒரு நிகழ்வுச் சீட்டு ஆகும். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1996இல் சேகரிப்புச் சீட்டாட்டமாக வெளிவந்த நெட்ரன்னரின் மறுவடிவமே இவ்வாட்டம். 2012இல் வெளியான இதன் விற்பனை 2018இல் நிறுத்தப்பட்டது. ஆர்வலர்கள் தொடர்ந்து நடத்திவரும் நெட்ரன்னரிலும் இச்சீட்டு உள்ளது.

விதி

பெருநிறுவனத்தின் கணினிகளுள் ஊடுருவும் ரன்னருக்கு உரிய சீட்டு இது. 5 கிரெடிட் செலுத்தினால் 9 கிரெடிட் கிடைக்கும். நிகர வரவு 4. ரன்னருக்கு ஒரு முறைக்கு 4 கிளிக்குகள் உண்டு. ஒரு கிளிக்கைச் செலவிட்டு 1 கிரெடிட் பெறலாம், அல்லது ஒரு சீட்டு எடுக்கலாம், அல்லது கையிலுள்ள நிகழ்வுச் சீட்டை ஆடலாம்.

மதிப்பீடு

ரன்னர் 5 கிரெடிட்டுடன் ஆட்டத்தைத் தொடங்குகிறார். சீட்டின்றி 9 கிரெடிட்டை எட்ட நான்கு கிளிக்குகளும் தீர்ந்துவிடும். தொடக்கக் கையிலேயே இச்சீட்டு இருந்தால் ஒரே கிளிக்கில் அதே தொகை கிடைத்து, மூன்று கிளிக்குகள் மிஞ்சும். பின்னர் கிளிக் செலவிட்டு எடுத்த சீட்டாயின், எடுக்க ஒன்றும் ஆட ஒன்றுமாக இரண்டு கிளிக்குகளுக்கு 4 கிரெடிட் வரவாகும். அப்போதும் இது வழக்கமான வரவின் இருமடங்கு ஆகும்.

எனினும் கையிருப்பு 5க்குக் குறைந்தால் இச்சீட்டை ஆட இயலாது. ஊடுருவலில் பணம் முழுவதையும் இழந்தவர் இதனை ஆடுவதற்கே ஐந்து கிளிக்குகள் சேமிக்க வேண்டும். அஃதாவது ஒரு முழு முறைக்கும் மேல். பணம் மிகவும் தேவைப்படும் வேளையில் இச்சீட்டு உதவாது. ஆகவே ஊடுருவலுக்குப் பின்னர் அன்றி, முன்னரே இதனை ஆடுவது பொதுவாக நன்று.