கண்ணிழந்த துப்பாக்கி

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் முதலிய ஊர்களில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தம் தாய்நாட்டு வேட்டைக்காரர்கள் ஏந்திய குட்டையான, பருத்த துப்பாக்கியை நீட்டியும் மெலிவித்தும் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு புதிய சாதனத்தை உருவாக்கினார்கள். பிற்காலத்தில் கென்டக்கி ரைபிள் என்று பெயர் பெற்ற அதற்கு எட்டுப் பட்டை கொண்ட, நாற்பது அங்குலத்துக்கும் நீண்ட இரும்புக் குழலும், அலையலையாக ரேகையோடும் மேப்பிள் மரத்தில் செதுக்கிய கட்டையும் அமைந்தன. குழலின் வாய்வழியே வெடிமருந்தை அளந்து கொட்டி, கொழுப்புத் தடவிய சிறு துணியில் ஈயக் குண்டைப் பொதிந்து, கெஜக்கோலால் அடிவரை கெட்டித்துச் சுடவேண்டும். குழலின் உட்சுவரில் மரைபோல் வெட்டியிருக்கும் சுருள் வரிகள் அத்துணியைக் கவ்விக்கொள்வதால், குண்டு பம்பரம்போல் சுழன்று வெளிப்பட்டுத் திசை பிறழாமல் செல்கிறது.

இத்தகைய துப்பாக்கி ஒன்று பல கைகள் மாறி, துருவேறி, குழலின்மேல் முன்னும் பின்னும் இருந்த குறிகாட்டிகளை இழந்து ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் புதுப்பிக்கப் புகுபவர், அரத்தையோ எண்ணெயையோ தேடுவதற்கு முன், வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ நீட்டாமல், கெஜக்கோலைக் குழலுக்குள் இறக்கி, வாயளவில் அதில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். கோல் அடிவரை எட்டவில்லையானால், என்றோ ஒருவர் கெட்டித்துச் சுடாமல் விட்ட மருந்தும் குண்டும் உள்ளே கிடக்கலாம். தலைமுறைகள் கழிந்தாலும் ஈரம் படாத கருமருந்தின் வீரியம் குன்றுவதில்லையாதலால், தேர்ந்த துப்பாக்கிக் கொல்லரிடம் அதை ஒப்படைப்பதே உசிதம்.

துருவின் காரணமும் அம்மருந்தில்தான் இருக்கிறது. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்ற விகிதத்தில் கலந்த அது எரியும்போது, பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகிவிடாமல் திடமான கசடாகவே எஞ்சுகிறது. அக்கசடிலுள்ள உப்புக்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கின்றன. அவை நீரில் கரைபவை. ஆகவே வெந்நீரே சிறந்த மருந்து. சூடேறிய குழல் தானே விரைந்து உலரும், உலர்ந்ததும் எண்ணெய் பூசிவிடலாம். ஆனால் குழலின் வெளிப்புறத்தில் படிந்துள்ள பழுப்பு நிறத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குவது பெரும் பிழையென்பது என் உறுதியான அபிப்பிராயம். உதிரும் துருவை மட்டும் எண்ணெயில் தோய்ந்த நுண்ணிய இரும்புப் பஞ்சால் எடுத்தால் போதும். நூறாண்டுகள் கூடி உண்டாக்கிய அந்நிறத்தை ஒருமுறை சுரண்டிவிட்டால் எவராலும் மீட்கமுடியாது.

இனிக் குறிகாட்டிகள். குழலின் மேற்பட்டையில் குறுக்காக, அடியில் அகன்றும் மேலே குறுகியும் புறாவின் வால் வடிவில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ஆணியுமின்றிப் பற்றுமின்றி, அப்பள்ளத்தின் இறுக்கத்தால் மட்டுமே குறிகாட்டி நிற்கிறது. இறுக்கம் தளர்ந்தால் அது கழன்று விழுந்துவிடுவதில் ஆச்சரியமில்லை. புதிய காட்டியின் அடிப்பகுதியைப் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்ய முக்கோண அரத்தைப் பிரயோகிக்கிறார்கள். அதன் மூன்று முகங்களில் ஒன்றைச் சாணையில் தேய்த்து வழுவழுப்பாக்கிக்கொண்டால், ஓரத்தைச் சரிவாக அராவும்போது மற்றப் பரப்பு காயப்படாது. எக்காரணத்தாலும் குழலிலுள்ள பள்ளத்தை ஆழமாக்கலாகாது. வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது குழலின் கனமன்றோ! விரலால் பாதிவரை நுழைந்து, பித்தளைக் கட்டையை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினால் மீதி நுழையுமானால் பொருத்தம் செவ்வையானது.

பின்காட்டி சிறு வெட்டுள்ள இரும்புத் துண்டு. முன்காட்டி பித்தளை அல்லது வெள்ளியாலான மெல்லிய தகடு. இவ்விரண்டையும் இலக்கையும் ஒரே நேர்கோட்டில் கண்டு சுடும்போது, குண்டு வலப்புறம் விலகினால் பின்காட்டியை இடப்புறம் நகர்த்தவேண்டும். எவ்வளவு நகர்த்துவது? காட்டிகளுக்கிடையே 30 அங்குலமும் இலக்குக்கு 50 கஜமும், அதாவது 1800 அங்குலமும் இருந்தால், இரண்டாவது தூரம் முதலாவதைப்போல் அறுபது மடங்கு. ஆறு அங்குலம் விலகிய குண்டைத் திருத்த, காட்டியை ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு தட்டினாலே போதும்.

உயரத்தின் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்காட்டி உயரமாயிருந்தால் குண்டு தாழ்ந்து படும். அதைத் தேய்க்கத் தேய்க்கப் படுமிடம் மேலேறும். அரம் உலோகத்தைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது. ஆதலால் அறிந்தவர்கள் தகட்டை வேண்டுமென்றே உயரமாக வைத்து, குழலும் அடியடைப்பும் பழுதற்றவை என்று நிபுணர் சோதித்தபின் சுட்டுப் பார்த்து, இரண்டு மூன்று இழுப்பு அராவி, மீண்டும் சுட்டு, பொறுமையோடு இலக்கை அணுகுகிறார்கள். எல்லாம் சரியானதும், காட்டியின் அடியிலிருந்து குழல்வரை உளியால் ஒரு மெல்லிய கோடு கீறிவிடுவது வழக்கம். பிற்காலத்தில் காட்டி தொலைந்துபோனாலும், அக்கோட்டின் ஒரு பாதி குழலில் எஞ்சியிருக்குமானால், புதியதை எவ்விடத்தில் நிறுத்தித் தொடங்குவது என்பதை அதுவே தெரிவித்துவிடும்.