ஊமத்தம்பூ கிடைக்குமா, டாக்டரய்யா?

வருஷம் தவறாமல் மாசி பிறக்கிற நேரத்தில், கீழப்பாவூரில் உள்ள என் வைத்தியசாலைக்கு நோயாளிகளோடு இன்னொரு கூட்டமும் வரும். எல்லாம் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். செய்முறைத் தேர்வுக்கு இலை, பூ, காய் கேட்டு வருவார்கள். சித்த வைத்தியர் வீட்டுத் தோட்டத்தில் எல்லாம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை!

அப்படித்தான் ஒரு பிளஸ் ஒன் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான்.

"டாக்டரய்யா, ஊமத்தம்பூ ஒண்ணு கிடைக்குமா? பிராக்டிகலுக்கு வேணும்."

"குளத்தாங்கரை வழியாத்தானே வந்தே? வேலியோரம் வெள்ளை வெள்ளையாப் பூத்து நிக்குதே, பார்க்கலையா?"

"அதுதான் ஊமத்தையா? ஏதோ களைச்செடின்னுலா நெனச்சேன்!"

ஆனால் பையன் மக்கு இல்லை. சோலனேசியே குடும்பம், ஐந்து அல்லி இதழ், ஐந்து மகரந்தத்தாள், சாய்வாக அமைந்த சூற்பை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எல்லாம் சரி. செடி மட்டும்தான் தெரியவில்லை. அது நஞ்சு என்பதும் தெரியவில்லை. பூவைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையைத் துடைக்காமலே கிளம்பினான். கூப்பிட்டுக் கை கழுவச் சொல்லி அனுப்பினேன்.

எந்தப் பாடம் வீண்?

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நாக்கை நீட்டச் சொல்லும்போதே, "உங்க ஸ்கூல்ல எந்தப் பாடம் வீண்னு நினைக்கே?" என்று கேட்பது என் வழக்கம். கணக்கெடுப்பு ஒன்றும் இல்லை, பிள்ளைகளின் பயத்தைப் போக்கப் பேச்சுக் கொடுப்பதுதான். சின்னப் பிள்ளைகள் நீதிபோதனை என்பார்கள், ஓவியம் என்பார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும், "பி.டி. பீரியடை எப்படியும் கணக்கு சார் வாங்கிக்கிடுவாரு" என்று சிரிப்பார்கள். பயாலஜி குரூப் பிள்ளைகளைக் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தாவரவியல்.

"ஏம்மா அப்படி?" என்று ஒரு பிளஸ் டூ மாணவியிடம் கேட்டேன். பரீட்சை நெருங்க நெருங்க நெஞ்செரிச்சல் என்று அவள் அம்மா கூட்டி வந்திருந்தார்.

"இன்ஜினீயரிங் கட்-ஆஃப்ல அது வராதுல்லா ஐயா!"

அவள் சொன்னது உண்மை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலுக்கு ஒன்றுமே இல்லை. கணிதத்தோடு உயிரியலும் எடுத்துப் பொறியியலுக்குப் போகும் பிள்ளைக்கு அது சும்மா பாஸ் பண்ண வேண்டிய பாடம். டாக்டராக நினைக்கும் பிள்ளைக்கு நிலைமை நேர் எதிர். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 கேள்வி உயிரியல். 720 மதிப்பெண்ணில் சரிபாதி! ஆனால் அங்கேயும் செடியைப் பார்க்க வேண்டியதில்லை. நாலு விடையில் ஒன்றைக் குறித்தால் போதும். ஒருவனுக்குத் தாவரவியல் பாரம், இன்னொருவனுக்கு மனப்பாடம். இருவருமே செடிக்குப் பக்கத்தில் போவதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால்...

நானும் அப்படித்தான்!

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, மூலிகை என்பது மருந்துக் கடையில் பொடியாகக் கிடைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். மூலிகைகளின் குணம் சொல்லும் பாடத்துக்கு எங்கள் படிப்பில் குணபாடம் என்று பெயர். அதைப் புத்தகத்திலேயே படித்து முடித்துவிடலாம் என்று எண்ணினேன். குற்றாலத்தில் சாரல் விழும் ஆடி மாதத்தில் எங்களை மலைப்பக்கம் கூட்டிப்போனார்கள். நண்பர்கள் செடி பார்க்க, நான் அருவியில் குளித்தேன்.

வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டேன். தேர்வாளர் இரண்டு சிறு கொம்புகளை நீட்டினார். "இரண்டும் கீழாநெல்லி" என்றேன் தைரியமாக. அவர் கோபப்படவில்லை. "இலையைத் திருப்பிப் பாருமய்யா" என்றார். ஒன்றில் இலைக்காம்பின் அடிப்பக்கம் கடுகு போலக் காய்கள் வரிசையாக இருந்தன. மற்றது மேலாநெல்லி. "நாளைக்கு உம்ம கையில ஒரு உசிரு இருக்கும். அப்பவும் இலையைத் திருப்பிப் பார்க்காம மருந்து குடுப்பீரா?" என்றார். அன்று தலைகுனிந்தவன், அடுத்த சாரலில் அருவிப்பக்கமே போகவில்லை.

தோற்றது யார்?

அந்தக் கேள்வியை மறுபடியும் ஞாபகப்படுத்திய ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுபது வயதுப் பெரியவரை ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு மாதிரி. உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்த தழும்பு. சிறுநீர் கட்டன் காப்பி நிறம், மலம் களிமண் நிறம் என்றார்கள்.

"கீழாநெல்லியை அரைச்சு மோருல குடுத்துட்டுத்தான் வாரோம் ஐயா. பன்னெண்டு நாளாச்சு, குறையவே இல்லை" என்றார் மருமகள். "இவன்தான் வயக்காட்டுலேருந்து பறிச்சுட்டு வந்தான்."

இவன் என்பது பேரன். பிளஸ் டூ முடித்தவன். உயிரியலில் 98 மதிப்பெண். அன்றைக்குப் பறித்ததும் பையில் இருந்தது. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு காய்கூட இல்லை. வயலுக்குத் தழை உரமாக விதைக்கிறார்களே, தக்கைப்பூண்டு, அதன் இளங்கன்று! சின்னச் சின்ன இலை இரண்டு பக்கமும் அடுக்காக இருப்பதைப் பார்த்து ஏமாந்திருக்கிறான்.

நல்ல வேளை, அது பெரிய நஞ்சு இல்லை. ஆனால் போன பன்னிரண்டு நாள்? கண்ணில் மஞ்சள், உடம்பில் அரிப்பு, களிமண் நிற மலம் மூன்றும் சேர்ந்தால் பித்தம் குடலுக்கு இறங்கும் வழி அடைபட்டிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மருந்து கொடுக்காமல் அப்படியே திருநெல்வேலிக்கு அனுப்பினேன். ஸ்கேனில் பித்தக்குழாயில் கல் தெரிந்தது. அதை எடுத்த பிறகு மஞ்சள் இறங்கியது. பெரியவர் பிழைத்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேரன் சரியான கீழாநெல்லியையே பறித்திருந்தாலும் அந்தக் கல் கரைந்திருக்காது. மஞ்சள் காமாலை ஒரே நோய் அல்ல, பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். கிருமியால் வரும், மதுவால் வரும், மருந்தால் வரும், கல்லால் வரும், கட்டியாலும் வரும். எந்த வைத்தியம் செய்வதானாலும் முதலில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். அந்தப் பையன் செடிப் பாடத்திலும் தோற்றான், ஈரல் பாடத்திலும் தோற்றான். மார்க் மட்டும் 98.

பெரியவரைப் பார்க்க ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஆச்சி பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் புரை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா ஐயா? கண்ணு தெரியாட்டியும் விரலால தடவியே சொல்லியிருப்பேனே. இலைக்கு அடியில கடுகு மாதிரி காய் தட்டுப்படும்லா!"

எனக்குக் கல்லூரியில் கிடைத்த பாடம் இந்த ஆச்சியிடம் பள்ளிக்கூடம் போகாமலே இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

நிபுணர்களே குழம்பிய செடி

'ஒரு களைச்செடிக்கு இவ்வளவு பேச்சா?' என்று நினைக்காதீர்கள். இந்தக் கீழாநெல்லியில் தாவரவியல் நிபுணர்களே குழம்பியிருக்கிறார்கள். நம் நாட்டுப் புத்தகங்கள் வெகுகாலம் இதை 'பில்லாந்தஸ் நிரூரி' என்றே எழுதி வந்தன. அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இங்கே அந்தப் பெயரில் வழங்கியது ஒரு செடியல்ல, மூன்று தனித்தனிச் செடிகள் என்று 1985ல் இந்தியத் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றுதான் 'பில்லாந்தஸ் அமாரஸ்'.

1988ல் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து, இந்த அமாரஸ் செடியை ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. எந்தச் செடி, எந்த மண்ணில் விளைந்தது என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. ஆகவே 'கீழாநெல்லி இருக்க ஊசி எதற்கு?' என்று யாரும் இருந்துவிடக் கூடாது. ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? கீழாநெல்லியும் நிலவேம்பும் பிளஸ் டூ தாவரவியல் புத்தகத்தில் பாடமாகவே இருக்கின்றன!

சீனத்து அம்மையார் தூ யூயூவுக்கு 2015ல் நோபல் பரிசு கிடைத்ததும் ஒரு செடியால்தான். பழைய வைத்திய நூல் ஒன்றைப் படித்து, மாசிபத்திரி இனத்துச் செடியிலிருந்து மலேரியா மருந்து எடுக்கும் வழி கண்டார். அங்கேயும் ஒரே பெயரில் பல செடிகள். மருந்துச் சத்து இருந்த சரியான செடியைப் பிரித்தறிய வேண்டியிருந்தது.

மாநில மலர் தெரியும், அதன் கிழங்கு?

தமிழ்நாட்டின் மாநில மலர் எது என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செங்காந்தள் என்று சொல்லிவிடும். பொது அறிவில் ஒரு மார்க்! வேலியில் நெருப்புப் போலப் பூத்திருக்கும் அந்தக் கொடிதான், நாம் கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் செடி என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அதிலுள்ள 'கோல்ச்சிசின்' என்ற பொருள் மூட்டு வீக்கமான 'கௌட்' நோய்க்கு ஆங்கில மருந்தாகிறது. அதே பொருள்தான் அளவு மீறினால் உயிரை எடுக்கிறது. சாப்பிடும் கிழங்கு என்று ஏமாந்து தின்று உயிரை விட்டவர்கள் உண்டு.

வீட்டைச் சுற்றி நிற்கும் நஞ்சுச் செடிகள் இன்னும் சில: மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி, காட்டாமணக்கு. பள்ளிக்கூட மைதானத்தில் காட்டாமணக்குக் கொட்டையைத் தின்று பிள்ளைகள் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போன செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! இதைச் சொல்லித் தரும் பாடத்தையா வீண் என்பது?

பெற்றோருக்குச் சில யோசனைகள்

* பிள்ளை ஏதாவது காயையோ இலையையோ தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தின்ற செடியில் ஒரு கொம்பை, இலை, காயோடு ஒடித்துக் கையோடு கொண்டு போங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

* ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு செடி போதும். வருஷத்தில் ஐம்பது செடி ஆகிவிடும். நடந்த மாதிரியும் ஆச்சு, கண்ணுக்கு செல்போனிலிருந்து ஓய்வும் ஆச்சு.

* வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூடக் கூட்டிப் போங்கள். அவர்கள் சொல்லும் பெயரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையான், கரிசாலை, கரிசலாங்கண்ணி என்று ஒரே செடிக்கு மூன்று பெயர் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு செடியும் இருக்கும்.

* தெரியாத செடியை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. படத்தைப் பார்த்து மட்டும் மருந்துக்குப் பறிக்கவும் கூடாது. செல்போனில் தெரியும் படம் இலையின் அடிப்பக்கத்தைக் காட்டாது!

* "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று பிள்ளை முன்னால் கேட்காதீர்கள். 1912ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், தடித்த கரும்பையும் காட்டுப் புல்லான பேக்கரும்பையும் கலந்து 1918ல் 'கோ 205' ரகத்தை உருவாக்கினார்கள். சென்னையில் படித்து 1931ல் அமெரிக்காவில் தாவரவியல் டாக்டர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், பின்னர் அங்கேதான் கரும்பை ஆராய்ந்தார். நாம் காப்பியில் போடும் சர்க்கரைக்குப் பின்னால் தாவரவியல் இருக்கிறது. வேளாண்மை, வனத்துறை, மருந்து தயாரிப்பு, எங்கள் சித்த மருத்துவம் எல்லாவற்றுக்கும் இந்தப் பாடம்தான் வாசல்.

ஊமத்தம்பூ கேட்டு வந்த பையன் தேர்வு முடிந்து மறுபடி வந்தான். பிராக்டிகலில் முழு மார்க்காம். "சந்தோஷம்டே. வாசல்ல என்ன செடி நிக்குது, சொல்லு பார்ப்போம்" என்றேன். போய்ப் பார்த்தான். குனிந்தான். இலையைத் திருப்பினான்.

"கீழாநெல்லி ஐயா. அடியில காய் இருக்கு."

அன்றைக்கு அவன் கேட்காமலே ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன்!