கை அறிந்ததைக் கருத்து மறவாது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆயினும், பாடசாலை விட்டு வந்த சிறு பிள்ளையின் ஏட்டைத்தான் நாம் முதலிற் புரட்டிப் பார்க்கின்றோம். பக்கங்கள் நிறைந்திருந்தால் மனம் குளிர்கின்றது. வெறுமையாயிருந்தால், “இன்று என்னதான் படிப்பித்தார்கள்?” என்று கேட்கின்றோம். “பயறு முளைக்கப் போட்டோம், கடை வைத்து விளையாடினோம்” என்று பிள்ளை மகிழ்ச்சியோடு விடை கூறுமாயின், நமது ஐயம் இரட்டிக்கின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பெற்றார் பலரிடத்தும் காணப்படும் இவ்வையம் நியாயமானதுதானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முப்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்குமாறு ஒரு பிள்ளையிடம் கூறுகின்றோம் என வைத்துக்கொள்வோம். இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாதென்று கண்ட பிள்ளை, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்றும், மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டு என்றும் எழுதி, விடை இருபத்தைந்து என முடிக்கின்றது. உலகெங்கும் ஆசிரியர்கள் அன்றாடம் காணும் பிழை இது. “பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு” என்று நாம் திருத்துகின்றோம். ஆனால், கடனாக வந்தது ஒன்றன்று, பத்து என்பது அப்பிள்ளைக்கு விளங்குவதில்லை.

இப்பொழுது அதே பிள்ளையின் கையிற் சில ஈர்க்குகளைக் கொடுப்போம். பத்துப் பத்தாகக் கட்டிய மூன்று கட்டுகளும், தனியே இரண்டு ஈர்க்குகளும் அதன் முன்னே இருக்கின்றன. பதினேழை எடுக்க வேண்டும். தனி ஈர்க்குகள் போதா. எனவே, ஒருவரும் சொல்லாமலே பிள்ளை ஒரு கட்டை அவிழ்க்கின்றது. இப்பொழுது தனி ஈர்க்குகள் பன்னிரண்டு. அவற்றில் ஏழை எடுத்தால் எஞ்சுவது ஐந்து. எஞ்சிய இரு கட்டுகளில் ஒன்றை எடுத்தால் ஒரு கட்டு மிஞ்சும். விடை பதினைந்து. கட்டை அவிழ்த்த கை, கடன் வாங்குதலின் பொருளைக் கருத்துக்கு உணர்த்திவிட்டது. இனி அக்கணக்கை ஏட்டில் எழுதும்போது அது வெறுஞ் சடங்காக இராது.

செய்து கற்றல் மேனாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்று எண்ணுவோர் உளர். நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகள் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதியன்றோ எழுத்தறிந்தனர்! 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் இவ்வழக்கத்தைக் கண்டு வியந்தார். அதனைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணாக்கரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797ஆம் ஆண்டு இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே, ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவிற்று. இன்றும் விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது, தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். அன்று ஒருநாள் மட்டும் செய்துவிட்டு, அதன் பொருளை மறந்துவிடுகின்றோம்.

விரலால் எழுத்தை உணரும் இவ்வுண்மையை ஆராய்ந்து, ஒரு கல்விமுறையாகவே அமைத்தவர் இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமாபுரியில் ஏழைகள் வாழும் சான் லொரென்சோ பகுதியில் அவர் முதலாவது ‘குழந்தைகள் இல்லத்தை’ திறந்தார். அவர் முறையில், பிள்ளைகள் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகுவர். எண்ணைக் கற்பதற்கு மணிகள் உண்டு. ஒன்று என்பது ஒரு மணி. பத்து என்பது ஒரு கோல். நூறு என்பது ஒரு சதுரம். ஆயிரம் என்பது ஒரு கனம். ஆயிரத்தைக் கையில் ஏந்திய பிள்ளை, அதன் பருமனையும் பாரத்தையும் அறிந்துகொள்கின்றது.

அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டில் இத்தாலி போரில் இறங்கவே, எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு நாடு திரும்ப முடியாது தங்கலானார். அத்தடையே நமக்கு நன்மையாயிற்று. 1944ஆம் ஆண்டு அவர் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். கொட்டாஞ்சேனையில் நல்லாயன் கன்னியர் அமைத்த ஆசிரியர் பயிற்சி நிலையம் அவர் பெயரையே தாங்கியது. ‘மொண்டிசோரி’ என்ற சொல் பாலர் பாடசாலைக்கே பொதுப்பெயராகிவிட்ட நம் நகரில், அப்பெயருக்குரியவரின் கொள்கையை அறிந்தோர் சிலரே.

அரசாங்கக் கல்வியிலும் இக்கொள்கை இடம்பெறாமலில்லை. 1998ஆம் ஆண்டு கம்பஹா மாவட்டத்திலும், 1999ஆம் ஆண்டு நாடெங்கும் முதலாந் தரத்தில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஐந்து தரங்களையும் மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றும் ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு அளவில் அமைதல் வேண்டும். முதல் இரு தரங்களில் விளையாட்டும் செயற்பாடும் மிகுந்திருக்கும். மேலே செல்லச் செல்ல எழுத்துவேலை பெருகும். ஆகவே, சிறு பிள்ளையின் ஏடு சில நாட்களில் வெறுமையாயிருப்பது ஆசிரியையின் சோம்பலன்று, அதுவே திட்டம்.

அங்ஙனமாயின் இடர் எங்குள்ளது? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் உள்ளது. புகழ்பெற்ற பாடசாலையில் இடம் பெறுவதற்கு அது ஒரு வாயில் என்பதால், மூன்றாந் தரத்திலேயே ரியூசன் வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. மாதிரி வினாத்தாள்கள் குவிகின்றன. ஈர்க்கும் மணியும் மறைகின்றன. பெற்றாரைக் குறைகூறிப் பயனில்லை. பிள்ளையின் எதிர்காலம் குறித்த அவர்தம் அச்சம் மெய்யானது. ஆனால் ஒன்று கூறுவோம்: கணக்கின் பொருளை அறியாது வழிமுறையை மட்டும் மனனஞ் செய்த பிள்ளை, வினா சற்றே மாறினாலும் திகைத்து நிற்கும். பொருளறிந்த பிள்ளையோ புதிய வினாவுக்கும் வழி காணும். எனவே, செய்து கற்றல் பரீட்சைக்குப் பகையன்று.

மறுபுறமும் ஓர் எச்சரிக்கை உண்டு. வண்ணத்தாள் வெட்டி ஒட்டுவதெல்லாம் கல்வியாகிவிடாது. நோக்கமில்லாத செயற்பாடு வெறும் ஆரவாரமே. பயறு முளைக்கப் போட்டால், நீர் ஊற்றிய கோப்பையையும் ஊற்றாத கோப்பையையும் பிள்ளை ஒப்பிட வேண்டும். என்ன நிகழுமென முன்னரே கூற வேண்டும். நாள்தோறும் அளக்க வேண்டும். ஈற்றிற் கண்டதைத் தன் சொல்லில் எழுத வேண்டும். கையில் தொடங்கியது பேச்சாகி, பேச்சு எழுத்தாக முடிந்தாலன்றிப் பாடம் நிறைவுறாது. நெருக்கமான வகுப்பறையில் இதனை நடத்தும் ஆசிரியைக்கு, கரும்பலகையில் எழுதிப்போடுவதைவிட உழைப்பு மிகுதி என்பதையும் நாம் உணர்தல் வேண்டும்.

தொடர்மாடிகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு மண்ணும் மரமும் அருமையாகிவிட்டன. எனினும், வீட்டிலேயே செய்யத்தக்கவை பல உள. அரிசி அளக்கும்போது, ஒரு பெரிய பாத்திரத்தை நிரப்ப எத்தனை சுண்டு வேண்டுமெனப் பிள்ளையை முதலில் ஊகிக்கச் செய்து, பின் அளக்க விடலாம். ஒரே அளவு நீரை அகன்ற கிண்ணத்திலும் ஒடுங்கிய கிளாசிலும் ஊற்றி, எதில் மிகுதி என வினவலாம். சிறு பிள்ளைகள் உயர்ந்து நிற்பதிலேயே மிகுதி என்பர். சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே ஆராய்ந்து விளக்கிய இவ்வியல்பைக் கண்டு நகையாமல், மீண்டும் மீண்டும் ஊற்றிப் பார்க்க விடுங்கள். காலி வீதியிற் செல்லும் 100ஆம், 101ஆம் இலக்கப் பேருந்துகளைப் பத்து நிமிடம் எண்ணிக் கோடிட்டு, எது மிகுதி எனக் காண்பதும் கணிதமே. வெள்ளவத்தைக் கடற்கரையிற் பொறுக்கிய சிப்பிகளை வடிவம் நோக்கி வகைப்படுத்துவது அறிவியலின் முதற்படி. சந்தையில் மிச்சக்காசை எண்ணி வாங்குவதைப் பிள்ளையிடமே விடுங்கள். மாணவராயுள்ள மூத்தோர் தம்பி தங்கையருக்கு இவற்றைச் செய்துகாட்டலாம். கற்பிப்பவரே நன்கு கற்கின்றனர்.

இனி, பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம், “இன்று எத்தனை பக்கம் எழுதினாய்?” என்று கேட்பதை விடுத்து, “இன்று என்ன செய்தாய்? அதில் என்ன கண்டாய்?” என்று கேட்போமாக. அவ்விரு வினாக்களுக்கும் பிள்ளை தன் சொல்லில் விடை கூறுமாயின், அன்றைய பாடம் வீண்போகவில்லை என்று நாம் அமைதியுறலாம்.