அம்மாவும் வீல்சேரும் இடமாற்ற உத்தரவும்

சாதாரணத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தூக்க, நின்றுகொண்டு குனிந்து, பக்கக் கம்பிகளுக்கு மேலாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். வீல்சேரில் இருக்கும் தாய்க்கு அது ஆகாத வேலை. அதே தொட்டிலின் ஒரு பக்கத்தைக் கதவு போல் திறக்கும்படி மாற்றி, மெத்தையை அவளுடைய மடி உயரத்துக்கு வைத்துவிட்டால் போதும், குழந்தையை நேராக மடிக்கு இழுத்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1982இல் தொடங்கப்பட்ட ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ என்ற அமைப்பு இப்படிப்பட்ட சாதனங்களை உருவாக்குவதில் முன்னோடி. உடல் மாற்றுத்திறனாளித் தாய்மார்கள் பிள்ளை வளர்ப்பதை அதன் ஆய்வாளர்கள் வீடியோவில் பதிவு செய்து பார்த்தார்கள். டயபர் மாற்ற அம்மாவுக்கு வெகுநேரம் பிடித்தால் கைக்குழந்தை அசையாமல் காத்திருக்கிறது. அவள் தூக்கும்போது உடலைச் சுருட்டி இசைந்து கொடுக்கிறது. யாரும் சொல்லித்தராமலே தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

அந்த வழக்கம் ஒரு வீட்டையும் ஒரு ஊரையும் நம்பி நிற்பது. அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கோ இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்ற உத்தரவு வந்துவிடும். சரிவுப்பாதை போட்ட வாசல், சக்கரம் நுழையும் குளியலறை, அவசரத்துக்கு ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரர், உடல்நிலையை அறிந்த மருத்துவர் என்று பாடுபட்டுச் சேர்த்த அத்தனையையும் விட்டுவிட்டுப் புதிய இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ராணுவக் குடியிருப்புகளில் குறைந்தது 5 சதவீத வீடுகள் மாற்றுத்திறனாளிகள் புழங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் போய்ச் சேரும் மாதத்தில் அப்படியொரு வீடு காலியாக இருக்க வேண்டுமே!

ராணுவம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. ‘எக்ஸப்ஷனல் ஃபேமிலி மெம்பர் புரோகிராம்’ என்ற திட்டத்தில், தொடர் சிகிச்சையோ சிறப்பு உதவியோ தேவைப்படும் மனைவி, கணவர், பிள்ளைகளைப் பணியில் இருக்கும் வீரர் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வீரரை ஓர் ஊருக்கு அனுப்பும் முன், அங்கே தேவையான சிகிச்சை கிடைக்குமா என்று பார்ப்பார்கள். வெளிநாட்டுத் தளத்தில் கிடைக்காது என்றால், அந்த இடமாற்றம் ரத்தாகலாம், அல்லது வீரர் மட்டும் தனியாகப் போக நேரலாம்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்தத் திட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாளித் தாய் ஒரு நோயாளி, சிகிச்சை பெறுகிறவள். இன்னொரு உயிரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்புகிறவளாக அவள் அங்கே தெரிவதில்லை. காப்பீட்டின் கணக்கும் இதேதான். வீல்சேர் மருத்துவச் சாதனம், கதவு வைத்த தொட்டில் அப்படியல்ல. பிள்ளை வளர்க்க உதவும் சாதனங்களுக்குப் பெரும்பாலும் காப்பீடு கிடைப்பதில்லை என்பதை அமெரிக்காவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் கவுன்சில் 2012இல் வெளியிட்ட அறிக்கையே எடுத்துச் சொன்னது. அந்த நாட்டில் மாற்றுத்திறனாளிப் பெற்றோர் குறைந்தது 41 லட்சம் பேர் என்று கணக்கிட்டதும் அதே அறிக்கைதான்.

கணவர் போர்முனைக்குப் போகும் மாதங்கள் இன்னும் கடினமானவை. மனைவியின் உடல்நிலைக்குத் தனி உதவி தேவை என்றால், தரைப்படை வீரர் ‘ஃபேமிலி கேர் பிளான்’ எழுதித் தர வேண்டும். தான் இல்லாதபோது குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், உடனே வந்து நிற்க ஒருவர் அதே வட்டாரத்தில் இருக்கவும் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன மாதம் வந்து இறங்கிய ஊரில் பிள்ளையை நம்பி ஒப்படைக்க யாரைத் தெரியும்?

உதவி கேட்கவே தயங்க வைக்கும் அச்சமும் உண்டு. 2010இல் மிசூரி மாநிலத்தில் பார்வையற்ற தம்பதி ஒன்றிடமிருந்து பச்சிளம் குழந்தையை அதிகாரிகள் எடுத்துச் சென்றார்கள். திரும்பக் கைக்கு வர 57 நாள் ஆனது. குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மேலே சொன்ன 2012 அறிக்கையின்படி, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் பெற்றோரின் மாற்றுத்திறனைக் காரணம் காட்டியே அவரைத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் முடிவு செய்ய இடமிருந்தது. ஆகவே ராணுவக் குடும்பம் மாநில எல்லையைத் தாண்டும்போது தாயின் மேல் செல்லும் சட்டமும் மாறிவிடுகிறது. 2024 மே மாதம் அமெரிக்க மத்திய அரசின் சுகாதாரத் துறை கொண்டுவந்த விதிகள், அதன் நிதியுதவி பெறும் குழந்தைகள் நல அமைப்புகள் இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றன. தாமதமாக வந்தாலும் வேண்டிய காவல் இது.

செனட்டர் டாமி டக்வொர்த்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 2004இல் இராக்கில் அவர் ஓட்டிய ஹெலிகாப்டர் தாக்கப்பட்டு இரு கால்களையும் இழந்தார். கணவர் பிரையன் பவுல்ஸ்பியும் ராணுவ அதிகாரியாக இருந்தவர். 2014இல் முதல் மகள், 2018 ஏப்ரலில் இரண்டாவது மகள். பதவியில் இருக்கும்போதே பிள்ளை பெற்ற முதல் செனட்டர் அவர்தான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அவைக்குள் கொண்டுவர அனுமதித்து, செனட் அந்த மாதமே விதியை மாற்றியது. மறுநாள் கைக்குழந்தையோடு வந்து அவர் வாக்களித்தார்.

ஒரு தாய்க்காக செனட்டின் விதி மாறியபோது, படைத்தளத்தின் விதி மாறுவது பெரிய காரியமல்ல. இடமாற்றப் படிவத்தில் வீரரின் மாற்றுத்திறனாளி மனைவி யார் யாரைப் பராமரிக்கிறாள் என்ற கேள்வியைச் சேர்க்கலாம். லாரி வந்து சாமான் இறங்கும் முன்பே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் புது வீட்டுக்குப் போய், தொட்டில் எங்கே, குளியல் தொட்டி எந்த உயரம், அடுப்படியில் பிள்ளையைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள எங்கே இடம் என்று பார்த்துவைக்கலாம். பிள்ளை வளர்க்கும் சாதனங்களையும் காப்பீட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அந்தத் தொட்டிலுக்கான செலவு குடும்பத்தின் தலையில் விழாது.