கறுப்புத் திரையும் எட்டுச் சில்லுகளும்

1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினி எம்மவர் வீட்டு நிலவறை எதிலாவது இன்னும் கிடக்கக்கூடும். பிள்ளைகள் முதன்முதல் தட்டிப் பழகியது என்றால் எறிய மனம் வராது. மின் கொடுத்தால் திரை கறுப்பாகவே நிற்கிறதா? "செத்துப்போச்சு" என்று முடிவுகட்டமுன், கணக்காளர் பிழை தேடும் முறையில் ஒருக்கால் பாருங்கள்.

பரீட்சை மீதி சமப்படாவிட்டால் நாங்கள் எல்லாப் பதிவுகளையும் அழித்து எழுதுவதில்லை. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், இலக்கங்கள் இடம்மாறியிருக்கலாம் என்று தேடுவோம். பிழையின் வடிவமே இடத்தைக் காட்டும். சில்லுகளும் அப்படித்தான்.

முதலில் மின்வழங்கி. வெளிவரும் 5 வோல்ற்றை மீற்றரால் அளவுங்கள். 5.25ஐத் தாண்டினால் கணினியில் செருகவே வேண்டாம். இந்தப் பழைய மின்வழங்கிகள் பழுதாகும்போது வோல்ற்றளவு ஏறி, நினைவகச் சில்லுகளைக் கொன்றுவிடும். காரணத்தைத் திருத்தாமல் புதுச் சில்லைப் போட்டால் அதுவும் போகும். இன்று அளவு சரியாக இருந்தாலும் நாளைக்கு ஏறலாம். புதிய மின்வழங்கி வாங்குவதே நல்லது.

அடுத்தது நினைவகம். ஆரம்பகாலப் பலகைகளில் 4164 என்ற இலக்கத்துடன் எட்டுச் சில்லுகள் இருக்கும். ஒரு பைற்றுக்கு எட்டு பிற். ஒவ்வொரு சில்லும் எல்லாப் பைற்றிலும் ஒவ்வொரு பிற்றை வைத்திருக்கிறது. ஆகவே ஒன்று பழுதானாலும் 65,536 பைற்றும் கெட்டுப்போகலாம். இதற்கென உள்ள பரிசோதனைக் கார்ட்ரிட்ஜைச் செருகினால் திரை மினுங்கும். எத்தனை தரம் மினுங்குகிறது என்பதே எந்தச் சில்லு என்று சொல்லும். பக்கத்துச் சில்லுகளைவிட அதிகம் சுடுகிற சில்லும் சந்தேகத்துக்குரியது.

கழற்றும்போது காப்பாற்ற வேண்டியது பலகையை; சில்லு எப்படியும் போனதுதான். அதன் 16 கால்களையும் வெட்டி, ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுங்கள். துளைகளிலுள்ள ஈயத்தை உறிஞ்சியால் அகற்றி, ஒரு சொக்கற்றைப் பற்றவையுங்கள். புதுச் சில்லின் பள்ளம் பக்கத்துச் சில்லுகளின் பள்ளம் பார்க்கும் திசையையே பார்க்கவேண்டும்.

திருந்தாவிட்டாலும் பலகையைக் குப்பையில் போடாதீர்கள். இதன் ஒலிச் சில்லு இப்போது உற்பத்தியில் இல்லை. உங்கள் பலகையில் உள்ளது இன்னொருவரின் கணினியைப் பேசவைக்கும்.

திருந்தினால் நீலத் திரையில் 38911 பைற் மீதி என்று வரும். அதற்குக் குறைந்தால் நினைவகத்தில் இன்னும் பிழை உண்டு. சரியாக 38911 என்றால், கணக்குச் சமப்பட்டுவிட்டது.